பேயிடம் பேசக் கூடாது

சொந்த அக்காவைப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்தில் இடம் பிடிக்க வேண்டியிருக்கும் என்று கண்ணாடிக்காரரின் மனைவி நினைத்ததே இல்லை. ஆனால் அக்காவின் தெருவை எடுத்துக்கொண்ட வாரியத்தின் வாசலில் நின்ற காவலாளி தெளிவாகச் சொல்லிவிட்டான். தெருவில் சொந்தக்காரர் இருக்கிறார், பார்க்க வேண்டும் என்றால் உள்ளே விட மாட்டார்கள். யாருமே இல்லாத தெருவைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம், பேருந்து உண்டு.

கண்ணாடிக்காரர் கடைவீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துவிட்டுப் பார்க்கிற சுபாவம். வாயைத் திறந்து சண்டை போடத் தெரியாது. வீட்டில் அந்த வேலையை அவர் மனைவி பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தாயில்லை. அவளை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்தது எல்லாம் அக்காதான். அக்கா தையல்காரி. புருஷன் போன பிறகும் அதே வீட்டில், அதே தையல் மிஷினோடு, தெருவிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். பிள்ளை கிடையாது. தங்கையோடு ஓயாமல் போனில் பேசுவாள். சில மாதங்களாக அந்தப் போன் முதலில் எடுக்கப்படாமல் அடித்தது. பிறகு அடிக்காமலே போயிற்று.

நடந்தது இதுதான். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் இந்தியப் பண்பாட்டையும் உணவையும் தொன்மையையும் ஒரே தெருவில், ஒரே பகலில், கால் வலிக்காமல் அனுபவித்துவிட்டுப் போகட்டும் என்று மரபு அனுபவ வாரியம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். வாரியம் ஊரெல்லாம் அளந்து பார்த்து, அக்காவின் தெருவை ‘உயிருள்ள மரபுத் தெரு’ என்று அறிவித்தது. அறிவித்த கையோடு, முதல் வேலையாக அங்கே உயிரோடு இருந்தவர்களை அப்புறப்படுத்தியது. ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லாருக்கும் வீடு கொடுத்தார்கள்.

புருஷனும் மனைவியும் முதலில் அங்கேதான் போய்ப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஒதுக்கிய வீட்டின் பூட்டுத் துவாரத்தில் குளவி மண் வைத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி, அந்தக் கதவை ஒருத்தர் திறந்து தான் பார்த்ததில்லை என்றாள். லாரியில் எல்லாரும் வந்த அன்றைக்கும் தையலக்கா வரவில்லையாம். சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து, நீங்க சுற்றுலாவுல போய்ப் பாருங்க என்று மட்டும் சொன்னாள்.

அப்படித்தான் இருவரும் பேருந்தில் ஏறினார்கள்.

வழிகாட்டி ஒரு இளம்பெண். மைக்கைப் பிடித்தால் புத்தகம் போலப் பேசுவாள். கீழே வைத்தால் நம்மைப் போலப் பேசுவாள். கழுத்தில் புகைப்படக் கருவி தொங்க நாலைந்து வெளியூர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின் வரிசையில் தோளில் துண்டோடு ஒருவர் தனியாக இருந்தார். முதல் தடவை வருகிறீர்களா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அடிக்கடி வருவதாகச் சொன்னார் அவர். தெரு அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, “என் சவரக் கடை உள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவின் முகப்பில் இரும்புக் கதவு. அங்கே வாரியத்தின் துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு பேருந்துக்கும் வரவேற்புரை வழங்குவது அவர் கடமை. நல்ல உயரம், நல்ல குரல்.

“நண்பர்களே,” என்றார் துணை இயக்குநர். “இந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பண்பாடு வாழ்ந்து வந்தது. ஆனால் பாருங்கள், மக்களும் கூடவே வாழ்ந்தார்கள். அதுதான் சிக்கல். ஒருவர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவார். இன்னொருவர் மாடியில் உள்பனியனைக் காயப்போடுவார். பண்பாட்டை ஒரு நல்ல படம் எடுக்க முடியவில்லை. வாரியத்தின் இடைவிடாத முயற்சியால் இன்று மக்கள் முற்றிலும் அகற்றப்பட்டு, இந்தத் தெரு மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது.”

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். சவரக்காரரும் தட்டினார், தட்டாவிட்டால் அடுத்த தடவை இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரு சுத்தமாக இருந்தது. நாய் இல்லை. குப்பைக்கூடை இல்லை. வாசற்படிகளில் செருப்பு இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. குழந்தை அழுதது, பாத்திரம் விழுந்தது, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. சைக்கிளைத்தான் காணவில்லை. விளக்குக் கம்பங்களில் கூம்பு கூம்பாக ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள்.

“இது ஒலிப் பண்பாடு,” என்றாள் வழிகாட்டி மைக்கில். “இத்தெருவின் கடைசி நாள்களில் வாரியம் பதிவு செய்து பாதுகாத்தது.”

அப்போது மூன்றாவது கம்பத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “ஏய், கழுத்து இறக்கமா வைக்கவா, போதுமா? அப்புறம் வந்து பிரிக்கச் சொல்லக் கூடாது.”

கண்ணாடிக்காரரின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். குரல் போய், மறுபடி குழந்தை அழுது, பாத்திரம் விழுந்து, சைக்கிள் போய், மறுபடி அதே குரல் வந்தது. போதுமா? பிரிக்கச் சொல்லக் கூடாது. அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, போதும்க்கா என்று மெதுவாகச் சொன்னாள். கண்ணாடிக்காரர் அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அந்தக் கை சில்லென்றிருந்தது.

சவரக் கடைக்குத் ‘தொன்மைச் சிகை நிலையம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வாரியத்தின் ஊழியர் ஒருவர் இன்னொரு ஊழியருக்குச் சோப்பு நுரை தடவிக்கொண்டே இருந்தார். கத்தி வைப்பதற்கு அனுமதி இன்னும் வரவில்லையாம். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சவரக்காரர் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். வழிகாட்டி மைக்கைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, மேலதிகாரிங்க பாக்குறாங்கண்ணே. எந்திரிங்க.”

அவர் எழுந்தார். எழுந்ததும் தோள் துண்டை எடுத்துப் பெஞ்சை இரண்டு தட்டு தட்டி, “அடுத்தாளு வாங்க” என்றார். வெளியூர்க்காரர் ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அக்காவின் வீட்டு வாசலில் ‘மரபு இல்லம்’ என்று பலகை. வாசலில் ஒரு பெண் கண்டாங்கிச் சேலை கட்டி, பெரிய பொட்டு வைத்து நின்றாள். அவள் பதவிக்கு மரபுத் தாய் என்று பெயர். ஒப்பந்த நியமனம். “வாங்க வாங்க, நல்லா இருக்கீங்களா, இளைச்சுப் போயிட்டீங்களே” என்று எல்லாரிடமும் ஒரே குரலில் சொன்னாள். வெளியூர்க்காரர்களில் பெருத்த உடம்புக்காரர் ஒருவர் அதைக் கேட்டுக் கண் கலங்கினார்.

கூடத்தில் சாமான் ஒன்றுகூட அக்காவினுடையது அல்ல. சுவரில் யாரோ ஒரு முன்னோரின் படம். யார் என்று மனைவி கேட்டாள். பொதுவான முன்னோர் என்றாள் வழிகாட்டி. வாரியத்தின் எல்லா வீட்டிலும் அவரேதான். அக்கா புருஷனின் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் எதிர்ச் சுவரில் அப்படியே இருந்தது.

சாப்பாடு மத்திய சமையற்கூடத்திலிருந்து வேனில் வந்தது. நம் உணவு மரபு என்ன என்பதைத் தீர்மானிக்க ஒரு வல்லுநர் குழு அமைத்திருந்ததாக வழிகாட்டி விளக்கினாள். காரம் ஒரு சாராருக்கே உரியது என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபித்ததால் காரத்தை எடுத்துவிட்டார்கள். புளி பற்றி வழக்கு நிலுவையில் இருக்கிறது. உப்பு விஷயத்தில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. மற்றபடி எல்லாம் பாரம்பரிய முறைப்படி. எல்லாரும் வெள்ளையாக இருந்த எதையோ மரியாதையோடு பிசைந்துகொண்டிருந்தபோது, வீட்டின் பின்பக்கத்திலிருந்து கடுகு வெடிக்கிற சத்தமும், பின்னாலேயே தாளிக்கிற வாசமும் வந்தது. அத்தனை பேர் கையும் நின்றது.

“இது வாசனைப் பண்பாடு,” என்றாள் வழிகாட்டி மைக்கில். பிறகு மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, “எங்கேருந்து வருதுன்னு மட்டும் கேக்காதீங்க” என்றாள்.

சாப்பாடு முடிந்து, ஜன்னல் கதவுகளைச் சாத்தினார்கள். பகல் வெயில் இடுக்குகளில் கோடு கோடாக விழுந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு ‘இறந்த காலத்தின் இருப்பு’ என்று பெயர். பேய் என்று எழுத வாரியத்தில் தடை. சாப்பாட்டுக்குப் பிறகு, அலுவலகம் மூடுவதற்கு முன்பு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் பேய் கிடையாது.

வழிகாட்டி குரலைத் தாழ்த்திக் கதை சொன்னாள். முன்னொரு காலத்தில் இந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாளாம். போருக்குப் போன கணவனுக்கு அங்கி தைத்துக்கொண்டே காத்திருந்தாளாம். அவன் வரவில்லை. தைப்பதை அவளும் நிறுத்தவில்லை. “அன்பர்களே, பேசாதீர்கள். கேளுங்கள்.”

பின்கட்டின் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. கடகடவென்று ஓடும், சட்டென்று நிற்கும். நூலைப் பல்லால் கடிக்கிற இடைவெளி. மறுபடி ஓடும். வெளியூர்க்காரி ஒருத்தி கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருத்த உடம்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கே முதுகில் எறும்பு ஊர்ந்தது. அவர் மனைவி மட்டும் எழுந்தாள். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்குவாள். மிஷின் நின்றால் விழித்துக்கொள்வாள். அவள் பக்கவாட்டுச் சந்து வழியாக, யாரும் வழி காட்டாமலே, பின்கட்டுக்குப் போனாள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே போனார்.

அக்கா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். ஆளைக் கண்டதும் கத்தவில்லை, அழவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தாள். கால் மட்டும் மிதிப்பதை விடவில்லை. தங்கை போய் நெற்றியில் கை வைத்தாள். நெருப்பாய்ச் சுட்டது.

“சாப்பாடு போட்டாங்களா?” என்றாள் அக்கா, காற்று போன்ற குரலில். “அதைச் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே. அடுப்பு மேல குழம்பு இருக்கு. தம்பிக்குப் போடு.”

விஷயத்தை அவள் மிதித்துக்கொண்டே சொன்னாள். லாரி வருவதற்கு முன்பே அடுக்குமாடி வீட்டைப் போய்ப் பார்த்தாளாம். அங்கே மிஷின் ஓட்டினால் கீழ் வீட்டில் இடி இடிக்கிற மாதிரி கேட்கும் என்று, முன்பே அங்கே குடிவந்திருந்த ஒருவன் அன்றைக்கே சண்டைக்கு வந்தானாம். மிஷின் ஓட்டாமல் எதற்கு உயிரோடிருப்பது என்று, லாரி வந்த அன்று பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். தெரு முழுக்கக் காலி என்று வாரியம் அறிவித்துவிட்டது. மந்திரி வந்து நாடா வெட்டினார். அப்புறம் ஒரு நாள் சுற்றுலாக்காரர்கள் கூடத்தில் இருந்தபோது தெரியாமல் மிஷினை மிதித்துவிட்டாள். அலறியடித்து ஓடினவர்கள், மறுநாள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

துணை இயக்குநரே நேரில் வந்தாராம். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சுவரைப் பார்த்துப் பேசினாராம்.

“ஏன் சுவரைப் பாத்து?” என்றாள் தங்கை.

“என்னைப் பாத்தா நான் ஆளு. வெளிய போகணும். பாக்கலேன்னா பேய். இருந்துக்கலாம்.”

பேய்க்கு நிபந்தனைகள் இருந்தன. முகம் தெரியக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. பார்வையாளர் இருக்கும்போது தும்மக் கூடாது. விளக்குப் போடக் கூடாது. வெளியே வரக் கூடாது. அடுக்குமாடிக்குப் போன பழைய வாடிக்கைக்காரிகள் சுற்றுலாவில் வந்து, ஜாக்கெட் துணியையும் கொஞ்சம் அரிசி பருப்பையும் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த சுற்றுலாவில் தைத்ததை வாங்கிக்கொள்வார்கள். அதனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காய்ச்சல்தான் விட மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று தங்கை கெஞ்சினாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே தைத்தாள். வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக்காரரின் மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அப்படிச் செருகினால் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

“நீங்க போங்க. உடம்பு தேறினதும் இவளையும் கூட்டிக்கிட்டு வந்துடறேன். நாலு நாள்.”

பேருந்தில் ஆள் எண்ணுவார்களே என்று அவர் பயந்தார். வழிகாட்டி எண்ணத்தான் எண்ணினாள். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. மரபுத் தாய் வேலை முடிந்து, சுடிதாருக்கு மாறி, பொட்டை அழித்துவிட்டு, வீட்டுக்குப் போக அதே பேருந்தில் ஏறி, அவர் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். வழிகாட்டி அவளையும் சேர்த்து எண்ணி, எல்லாரும் திரும்பியாயிற்று என்று குறித்துக்கொண்டாள். இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. மரபுத் தாய் போனில் எதையோ தள்ளிக்கொண்டே வந்தாள். இறங்குகிற இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“பயப்படாதீங்க சார். உங்கக்கா கைப்பக்குவம் தனி. நானே தினமும் அங்கதான் சாப்பிடறேன்.”

நாலு நாள் போயிற்று. அதற்கப்புறமும் நாள்கள் போயின. கண்ணாடிக்காரர் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் படித்து முடித்ததைக் கவனிக்காமல் இருந்தார். மனைவி ஊரில் இல்லையா என்று கேட்டவர்களிடம் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். அது உண்மைதான், சொல்லும்போது பொய் போலிருந்தது. வீட்டில் அவள் கொடியில் போட்டுவிட்டுப் போன சேலையை எடுக்க மனம் வரவில்லை. அது காற்றில் உப்பி ஆள் நிற்பது மாதிரி நின்று, பிறகு தொங்கிப் போகும்.

மறுபடி பேருந்து ஏறினார். எல்லாரும் சாப்பாட்டில் இருந்தபோது சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஒரு விரல் இடுக்கு மட்டும் திறந்தது.

“தொறக்காதீங்க. வெளிச்சம் கண்ணு கூசுது,” என்றாள் மனைவி.

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஆனால் எழுந்து நடக்கத் தெம்பில்லை. மிஷினை இப்போது இவள்தான் மிதிக்கிறாள். மிதிக்காமல் ஒரு நாள் விட்டால் பேய் இல்லை என்று ஆகிவிடும். பேய் இல்லை என்றால் பின்கட்டை இடித்துவிட்டுக் கழிப்பறை கட்டுகிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். இவளைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது, நீங்களே சொல்லுங்க என்றாள். அவர் அவள் குரலை உற்றுக் கேட்டார். ஊர் கேட்கச் சண்டை போடுகிறவள், அக்காவைப் போலவே காற்றாகப் பேசினாள்.

அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அலுவலகத்துக்குப் போய் நியாயம் கேட்பது என்று தீர்மானித்தார்.

வாரிய அலுவலகம் புதுக் கட்டடம். எல்லா மேஜைகளிலும் தண்ணீர்க் குடுவை, மூடியோடு. காத்திருக்கும் அறையில் குளிர் அதிகம். துணை இயக்குநர் அவரை அன்பாக வரவேற்று, உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார். மனைவி பின்கட்டில் இருப்பதையும், அக்காவின் உடம்பையும், இரண்டு பேரும் அந்த வீட்டில் மனுஷர்களாக இருந்துகொள்ள அனுமதி வேண்டும் என்பதையும் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சொல்லி முடித்தார்.

“உங்க மனைவி அன்னைக்கே திரும்பிட்டாங்களே,” என்றார் துணை இயக்குநர். “எங்க கணக்குல ஆள் விட்டுப் போனதே கிடையாது.”

“இல்லைங்க, நான் பாத்துப் பேசிட்டுத்தான் வர்றேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க.” அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அந்த வீட்டுல ஆள் இருந்தா, அது அத்துமீறல். போலீஸ் வரும். ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போவாங்க. உடம்பு சரியில்லாதவங்கன்னு சொல்றீங்க, படியில தூக்கிட்டு இறங்கறதெல்லாம் அவங்க அவ்வளவு பதமா செய்ய மாட்டாங்க. ஆனா பேய் இருந்தா, அது பாரம்பரியம். அதை யாரும் தொட முடியாது. சட்டமே இருக்கு. நான் உங்களை வற்புறுத்தல. அங்க இருக்கறது ஆளா, பேயா?”

கண்ணாடிக்காரர் மூடியிட்ட குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் என்று சொன்னால் மனைவி ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்கா அடுக்குமாடிக்குப் போய்ச் சேருவாளா, வழியிலேயே போய்விடுவாளா தெரியாது. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் மனைவி இவர் முகத்தில் விழிக்க மாட்டாள். சண்டை போட மாட்டாள், பேசாமல் இருப்பாள்.

“பேய்தாங்க,” என்றார்.

“கொஞ்சம் சத்தமா.”

“பேய்.”

துணை இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பண்பாட்டுக்காகக் குடும்பத்தையே கொடுக்கிறவர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம் என்று உண்மையிலேயே நெகிழ்ந்து சொன்னார். இரண்டு பேயுள்ள மரபு இல்லம் பக்கத்து வாரியம் எதிலும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் வரலாம், உங்களுக்கு முன்வரிசை என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கண்ணாடிக்காரர் படியிறங்கி, தெருமுனை வரை நடந்து, ஒரு சுவரோரம் நின்று வாந்தியெடுத்தார்.

அடுத்து அவர் போனபோது முன்வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். கூடம் நிரம்பியிருந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். வழிகாட்டி அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு மைக்கை எடுத்தாள். கதை மாறியிருந்தது. இப்போது அக்கா தங்கை இருவர். மூத்தவள் போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்தாள். இளையவளைக் கட்டினவன் போருக்கெல்லாம் போகவில்லை. கல் நெஞ்சக்காரன். மனைவியை இந்த வீட்டின் இருட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

கூட்டத்தில் உச்சுக்கொட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடிக்காரரின் காதருகே குனிந்தாள்.

“அவன்லாம் நல்லா இருந்திருப்பானா?”

“இருந்திருக்க மாட்டான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

மிஷின் ஓடத் தொடங்கியது. அக்காவின் மிதி வேறு, இது வேறு. இவளுக்கு இன்னும் சீராக வரவில்லை. நடுவில் அக்கா ஏதோ திருத்திச் சொல்வது போல ஒரு முனகல். மறுபடி ஓட்டம். அவர் எழுந்து கதவருகே போனார். யாரும் தடுக்கவில்லை, பயத்தில் யாராவது அப்படி எழுந்து நடப்பதுண்டு. மிஷின் நின்றது. இடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சேலை உரசியது. காற்று மாதிரி ஒரு குரல், இரண்டொரு வார்த்தை. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் முணுமுணுப்பாகக் கேட்டிருக்கும். ஒருத்தி ஐயோ என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வழிகாட்டி மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து அவர் தோளைத் தொட்டாள்.

“வேணாம் சார். பேய்கிட்டப் பேசக் கூடாது. எழுதியே போட்டிருக்கு. என் வேலை போயிடும்.”

அவர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். மரம் சில்லென்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

பேருந்தில் அந்த அம்மாள் வலிய வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரும்புக் கதவு சாத்துகிற வரை பொறுத்திருந்தாள். இத்தனை ஊர் சுற்றியிருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க கதவுகிட்டயே நின்னீங்களே. அது என்ன சார் சொல்லுச்சு?”

“நேரத்துக்குச் சாப்பிடச் சொல்றா,” என்றார் கண்ணாடிக்காரர்.